'மாற்றமில்லை': ஒரு கோப்பும் சில நடைகளும்

சுவிற்சர்லாந்தின் அரிய எழுத்தாளர்களுள் ஒருவரான றொபேர்ட் வால்சர் தன் வாழ்வின் கடைசி 28 ஆண்டுகளையும் மனநோய் வைத்தியசாலைகளில் கழித்தார். 1929 ஜனவரியில் அவருடைய தமக்கை லீசா அவரைப் பேர்ண் நகருக்கு அருகிலுள்ள வால்டாவ் வைத்தியசாலைக்கு அழைத்துப் போனார். 1933 ஜூனில், அவருடைய விருப்பத்துக்கு மாறாக, ஹெரிசாவ் என்ற மலைச் சிற்றூரில் இருந்த வைத்தியசாலைக்கு மாற்றப்பட்டார். பூர்வீக ஊர் எந்த மாநிலத்தைச் சேர்ந்ததோ அந்த மாநிலமே அவருக்குப் பொறுப்பு என்பது காரணம். 'நீ எங்கத்தை ஆள்?' என்ற கேள்வி எமக்கு மட்டும் உரியதல்ல என்பதை இங்கே கண்டு ஒருகணம் ஆறுதலடைந்தேன் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். 1956 டிசம்பர் 25இல், மதியத்துக்குப் பின் தனியே நடக்கப் போனவர் பனியில் விழுந்து இறந்தார். வயது 78.

இந்த 28 ஆண்டுகளுக்கும் இரண்டுவிதமான எழுத்துச் சாட்சியங்கள் உண்டு. ஒன்று வைத்தியசாலைக் கோப்பு. மற்றது கார்ல் சீலிக் என்ற சூரிச் பத்திரிகையாளர் எழுதிய 'றொபேர்ட் வால்சருடன் நடைகள்' என்ற நூல். 1936 ஜூலையில் ஹெரிசாவுக்குப் போய் வால்சரைக் கண்ட சீலிக், 1955 நத்தார் வரை இடையிடையே போய் அவரைக் கூட்டிக்கொண்டு நடந்தார். 1944இலிருந்து அவரே சட்டபூர்வ பாதுகாவலர். நடைகளைத் திகதியிட்டு எழுதிவைத்து, வால்சர் இறந்த அடுத்த ஆண்டு, 1957இல், நூலாக்கினார்.

ஒரு மனிதனின் மனம் தேறுகிறதா இல்லையா என்பதைப் பல ஆண்டுகள் தொடர்ந்து எழுதிவைப்பது என்றால் என்ன, அதை எழுதுபவர் யார், எந்த மொழியில் எழுதுகிறார் என்பதே இக்கட்டுரையின் விடயம். எனக்கு இது வெறும் வாசிப்பு விடயம் அல்ல. ஏன் என்பதைப் பின்னர் சொல்கிறேன்.

எமது சிறுபத்திரிகைகளில் பைத்தியம் பற்றி எழுதுபவர்கள் மிசேல் பூக்கோவின் பெயரைச் சொல்லாமல் முதற் பந்தியைத் தாண்டுவதில்லை. நான் மூன்று பந்திகள் தாண்டிவிட்டேன். ஆகவே ஒரு தகவலை மட்டும் சொல்லி விடுகிறேன். 1954இல், நூல்கள் எழுதிப் புகழ் பெறுவதற்கு முன், பூக்கோ போடன் ஏரிக்கரையிலுள்ள மூன்ஸ்ரலிங்கன் வைத்தியசாலைக்கு வந்து, நோயாளிகள் முகமூடி அணிந்து ஊர்வலம் போகும் களியாட்ட நாளைப் பார்த்தார். அங்கே அவரை வரவேற்றவர் றோலாண்ட் கூன் என்ற வைத்தியர். மனச்சோர்வுக்கான முதல் மருந்துகளுள் ஒன்றாகிய இமிப்பிரமினின் பயனை 1950களில் கண்டறிந்தவர் அவர்தான். அதே வைத்தியசாலையில் நோயாளிகளுக்குப் போதிய விளக்கமும் சம்மதமும் இன்றிப் பல ஆண்டுகள் மருந்துகள் பரிசோதிக்கப்பட்டன என்பதை வரலாற்று ஆய்வாளர்கள் 2019இல் நூலாக வெளியிட்டார்கள். அவர்களுக்கு அது எப்படித் தெரிந்தது? கோப்புகளில் இருந்துதான். நோயாளியைக் கண்காணிக்க எழுதப்பட்ட தாள், பிற்காலத்தில் எழுதியவரைக் கண்காணிக்கும் தாளாயிற்று. கோப்புகளை முற்றாக வெறுக்கும் நண்பர்களுக்கு இதைச் சொல்ல விரும்புகிறேன்.

இனி வால்சருக்கு வருவோம். வால்டாவில் சேர்ந்தபோது குரல்கள் கேட்பதாக அவர் சொன்னார். மனச்சிதைவு என்று எழுதப்பட்டது. அவர் ஹெரிசாவில் என்ன செய்தார் என்பதும் தெரியும்: கடதாசிப் பைகள் ஒட்டினார், பருப்பும் பயறும் தெரிந்தார், நூல் முடிச்சுகளை அவிழ்த்தார். ஒழுங்காக வேலை செய்தார், ஒருவரோடும் சண்டைக்குப் போகவில்லை. ஒரு வைத்தியசாலையின் பார்வையில் இவர் நல்ல நோயாளி. எழுத்தாளர் என்ற முறையில் 1933இலிருந்து அவர் எதையும் எழுதவில்லை. அது தேறுதலின் பக்கம் சேருமா, தேய்வின் பக்கம் சேருமா? பயறு தெரிவதில் காட்டும் ஒழுங்கை எழுத ஒரு கட்டம் உண்டு. எழுதாமல் விட்ட நாவல்களை எழுதக் கட்டம் இல்லை. இதில் வேடிக்கை என்னவென்றால் ஹெரிசாவின் அக்காலத் தலைமை வைத்தியர் ஒற்றோ ஹின்றிக்சன் தானும் புனைபெயரில் இலக்கியம் எழுதியவர். இலக்கியம் தெரியாத வைத்தியரிடம் வால்சர் அகப்பட்டார் என்று சொல்லிவிட முடியாது.

இன்னொன்று. வால்சர் 1920களில், வைத்தியசாலைக்கு முன்னரே, பென்சிலால் மிகச் சிறிய எழுத்தில் எழுதத் தொடங்கினார். ஒன்றிரண்டு மில்லிமீற்றர் உயரம். நாட்காட்டித் தாள், கடித உறை, பற்றுச்சீட்டு என்று கிடைத்ததில் எல்லாம் எழுதினார். இப்படி 526 தாள்கள் எஞ்சின. சீலிக் இதை யாராலும் வாசிக்க முடியாத இரகசிய எழுத்து என்று 1957இல் உலகுக்கு அறிவித்தார். நோயின் அடையாளம் என்று எவரும் எடுத்துக்கொள்ளத் தோதான ஒன்று. ஆனால் யோகென் கிறேவன் என்ற ஆய்வாளர், அது பழைய ஜேர்மன் கையெழுத்துத்தான், சிறிதாக எழுதப்பட்டிருக்கிறது, அவ்வளவே என்று காட்டினார். பின்னர் பேர்ண்கார்ட் எஹ்ற்ரவும் வேர்னர் மோர்லாங்கும் உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் இருந்து வாசித்தார்கள். 1985இலிருந்து 2000 வரை ஆறு தொகுதிகள் வந்தன. 1925இல் எழுதிய 'கள்வன்' என்ற முழு நாவல் 24 தாள்களுக்குள் இருந்தது. நோய்க்குறி என்று படக்கூடியது வாசிக்கத் தெரியாதவரின் குறையாக முடிந்தது.

சீலிக்கின் நூலை எம்மவர் பலர் பக்தியோடு பேசுவதைக் கேட்டிருக்கிறேன். எனக்கு அது வேண்டிய நூல்தான், ஆனால் பக்தி இல்லை. அதன் பலம் இது: சீலிக் நோயைப் பற்றிக் கேட்பதில்லை. என்ன காலநிலை, எந்த வழியால் நடந்தார்கள், எந்தக் கடையில் என்ன சாப்பிட்டார்கள், என்ன குடித்தார்கள், வால்சர் எந்த எழுத்தாளரைத் திட்டினார் என்று எழுதுகிறார். 19 ஆண்டுகளை ஒரே மூச்சில் வாசிக்கும்போது, மேலே எழுதப்படாத ஒன்று கீழே தெரிகிறது: முதலில் பேச மறுக்கும் மனிதர் பிறகு பேசுகிறார், நடை நீள்கிறது, பின் வயது ஏறக் குறுகுகிறது. ஒரு வைத்தியரும் அளக்காத ஓர் அளவு. பலவீனம் இது: சீலிக் நடக்கும்போது குறிப்பெடுக்கவில்லை, வீட்டுக்குப் போய் எழுதினார். ஆகவே வால்சரின் பேச்சில் எங்கே வால்சர் முடிகிறார், எங்கே சீலிக் தொடங்குகிறார் என்பது தெரியாது. அந்த நூலிலிருந்து எல்லோரும் மேற்கோள் காட்டும் ஒரு வாக்கியம் உண்டு. நானும் அதை எழுதத் தொடங்கி நிறுத்திக்கொண்டேன். அவ்வளவு செதுக்கிய வாக்கியத்தை ஒரு மனிதர் மேட்டில் ஏறிக்கொண்டே சொல்லியிருப்பார் என்று நம்பக் கடினமாக இருக்கிறது. நண்பர் எழுதும் கோப்பிலும் நோயாளி வேறு ஒருவரின் மொழியில்தான் பேசுகிறார்.

இப்போது என் பக்கத்துக்கு வருகிறேன். 1997இல் எமது ஊர் அண்ணை ஒருவர் இங்கே ஒரு வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவில் சிகிச்சைக்குப் போகத் தொடங்கினார். எந்த வைத்தியசாலை என்று சொல்லப்போவதில்லை. அவருக்கு நடந்ததையும் எழுதப்போவதில்லை, வாசகர்களுக்கு அது தெரியும். அக்காலத்தில் சம்பளத்துக்கு மொழிபெயர்ப்பாளர் எல்லா இடத்திலும் கிடைக்கவில்லை. சமையலறையில் கோப்பை கழுவும் வேலைக்கிடையில் டொச் படித்திருந்த நான் கூடப்போனேன். மூன்று கிழமைக்கு ஒரு தடவை, ஏழு ஆண்டுகள்.

டொக்டர் கேட்பார், எப்படி இருக்கிறீர்கள். அண்ணை சொல்வார், "பரவாயில்லை". நான் சொல்வேன், 'பெசர்', முன்னையை விட நல்லம். டொக்டர் எழுதுவார். ஊரில் யாரும் பெரியவரிடம் 'சுகமில்லை' என்று முகத்துக்கு நேரே சொல்வதில்லை. டொக்டர் வருத்தப்படக்கூடாது, அவர் பாடுபடுகிறார் என்ற மரியாதை அது. 'பரவாயில்லை' என்ற சொல்லுக்குள் எந்த முன்னேற்றமும் இல்லை. நான் முன்னேற்றத்தைப் போட்டுக் கொடுத்தேன்.

இதை விடப் பெரிய பிழை ஒன்று. அண்ணை அடிக்கடி சொல்வது, "ஒரே யோசனையாக் கிடக்கு. இரவிரவா யோசிக்கிறன்." நான் அதை 'நாஹ்டெங்கன்' என்று மொழிபெயர்த்தேன். அகராதிப்படி சரி. ஆனால் டொச்சில் அது ஆற அமர இருந்து சிந்திப்பது, தன்னைப் பற்றி ஆராய்வது, நல்ல விடயம். டொக்டர் தலையாட்டி மகிழ்ந்து எழுதினார். எமது பேச்சில் 'யோசனை' என்பது அதுவல்ல. நெஞ்சில் கல் ஏறி இருப்பது, ஒரே இடத்தைச் சுற்றிச் சுற்றி வருவது, படுக்க விடாதது. பிள்ளையைத் தொலைத்த தாயைப் பற்றி 'யோசிச்சு யோசிச்சே போயிட்டா' என்று சொல்கிறோமே, அது. அண்ணை மோசமாகிக்கொண்டிருந்த ஆண்டுகளில் கோப்பில் அவர் தன்னைப் பற்றிச் சிந்திக்கத் தொடங்கியவராக முன்னேறிக்கொண்டிருந்தார்.

பேர்ண் நகரில் 1995இல் சுவிஸ் செஞ்சிலுவைச் சங்கம் சித்திரவதைக்குள்ளானோருக்கான சிகிச்சை நிலையத்தைத் திறந்தது. இப்படியான இடங்களில் உலகெங்கும் பயன்படுவது ஹாவார்ட் வினாக்கொத்து. றிச்சார்ட் மொலிக்காவும் கூட இருந்தவர்களும் இந்தோசீன அகதிகளுக்காக உருவாக்கி 1992இல் வெளியிட்டது. அதோடு கூடவே வரும் ஹொப்கின்ஸ் பட்டியலில் 25 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் நான்கு விடைகள்: இல்லவே இல்லை, கொஞ்சம், கனக்க, மிகமிகக் கனக்க. கூட்டிப் பிரித்தால் வரும் சராசரி 1.75ஐத் தாண்டினால் கவனிக்க வேண்டியவர். இதை ஏளனம் செய்யும் எண்ணம் எனக்கில்லை. கம்போடிய அகதிகளின் மொழியில் அவர்களுடைய துயரத்துக்கான சொற்களைத் தேடிப் போனவர்கள் அந்த வைத்தியர்கள். ஆனால் எமது அண்ணையைப் போன்றவர்கள் 25 கேள்விக்கும் 'கொஞ்சம்' என்பார்கள். 'கனக்க' என்று சொல்வது முறைப்பாடு மாதிரி. அவருடைய ஆண்டுகளை ஒரு வரைபடமாகப் போட்டால் நேர்கோடு வரும். கோட்டின் கீழே எழுதலாம்: மாற்றமில்லை.

இதை மரியாதைப் பிரச்சினை என்று மட்டும் சொன்னால் பாதி உண்மை. மற்றப் பாதி பயம். தஞ்சம் மறுக்கப்பட்டு, எஃப் அட்டையோடு, நோயைக் காட்டி இங்கே இருக்க அனுமதி பெற்ற ஒருவர் தேறிவிட்டால் என்ன ஆகும்? காரணம் நீங்கினால் அனுமதியும் நீங்கலாம் என்பது சட்டம். 2013இல் இங்கிருந்து திருப்பி அனுப்பப்பட்ட தமிழர் இருவர் கொழும்பில் கைதான பின்னரே நாடுகடத்தலைச் சில காலம் நிறுத்தினார்கள். வேலை செய்ய முடியாதவருக்கு ஊனக் காப்புறுதி உண்டு. அதற்குக் குறைந்தது 40 வீதம் இயலாதவராக இருக்க வேண்டும், இடைக்கிடை மறுபரிசீலனையும் வரும். ஆக ஒரே மனதுக்கு மூன்று ஏடுகள். வைத்தியசாலை ஏட்டில் தேற வேண்டும்; மற்ற இரண்டிலும் தேறினால் ஆபத்து. 'இப்ப நல்லாக் கிடக்கு' என்று சொல்ல நாவெழாத ஒருவரைப் பார்த்து, ஒத்துழைப்பில்லாத நோயாளி என்று எழுதுவது எளிது.

சுவிற்சர்லாந்து இந்த விடயத்தில் உலகுக்குக் கொடுத்த நல்லதையும் சொல்லவேண்டும். 'ஸ்கிசோபிரேனியா' என்ற சொல்லை 1908இல் உருவாக்கியவர் சூரிச் பூர்க்ஹொல்ஸ்லியின் தலைமை வைத்தியர் ஒய்கன் புளொய்லர். அதற்கு முன் ஜேர்மனியில் கிறெப்பலின் சூட்டியிருந்த பெயருக்கு 'இளமையிலேயே வரும் அறிவழிவு' என்று பொருள். பெயரிலேயே தீர்ப்பு இருந்தது. புளொய்லர் தீர்ப்பை நீக்கிப் 'பிளவு' என்ற சொல்லை வைத்தார். நாம் தமிழில் என்ன செய்தோம்? 'மனச்சிதைவு' என்றோம். சிதைந்தது கூடாது. கிறெப்பலினுடைய தீர்ப்பைப் பின்கதவால் கொண்டுவந்து சேர்த்துவிட்டோம். இலங்கையில் 'அங்கொடைக்கு அனுப்ப வேணும்' என்று சிரித்துக்கொண்டு சொல்லும் எமக்கு அது உறுத்தவுமில்லை.

ஒய்கனின் மகன் மன்பிரெட் புளொய்லர் 1942இல் அதே பூர்க்ஹொல்ஸ்லிக்குத் தலைவராக வந்தார். 1942, 43 ஆண்டுகளில் அனுமதிக்கப்பட்ட 208 நோயாளிகளை இருபது ஆண்டுகளுக்கு மேல், அல்லது அவர்கள் இறக்கும் வரை, அவரே பின்தொடர்ந்தார். 1972இல் நூல் வந்தது. அவர் கண்டது: சராசரியாக ஐந்து ஆண்டுகளுக்குப் பின் இந்நோய் மேலும் மோசமாவதில்லை, பலர் மெல்லத் தேறுகிறார்கள், சிலர் முற்றாகவே தேறுகிறார்கள். அப்படியானால் அதுவரை வைத்தியர்கள் ஏன் நம்பிக்கையிழந்து எழுதினார்கள்? தேறியவர்கள் வீட்டுக்குப் போய்விட்டார்கள், தேறாதவர்களை மட்டும் ஒவ்வொரு நாளும் வார்ட்டில் பார்த்தார்கள். லூக் சியொம்பியும் கிறிஸ்ரியான் முல்லரும் லவுசானில் 289 பேரைத் தேடிக் கண்டு 1976இல் ஆய்வை வெளியிட்டார்கள். முதல் அனுமதிக்கும் அந்தச் சந்திப்புக்கும் இடையில் சராசரி 37 ஆண்டுகள். ஏறக்குறைய அரைவாசிப் பேர் தேறியோ பெருமளவு தேறியோ இருந்தார்கள். சென்னையில் 1981இலிருந்து முதன்முறை நோயுற்ற 90 பேரைத் தேர்ந்து டொக்டர் தாராவும் ஸ்கார்ஃப் நிறுவனத்தாரும் 10, 20, 25 ஆண்டுகள் என்று பின்தொடர்ந்தார்கள். யாழ்ப்பாணத்தில் அப்படி ஒன்றைச் செய்ய யாருக்கு அவகாசம் கிடைத்தது? 1995 ஒக்ரோபரில் வலிகாமமே எழுந்து தென்மராட்சிக்கு நடந்தபோது நோயாளி எங்கே, கோப்பு எங்கே, மருந்து எங்கே. தயா சோமசுந்தரம் 1998இல் ஆங்கிலத்தில் எழுதிய 'ஸ்கார்ட் மைண்ட்ஸ்' நூலை நான் அந்த அர்த்தத்திலும் வாசிக்கிறேன்: தொடர்ச்சி அறுக்கப்பட்ட இடத்திலிருந்து எழுதப்பட்ட நூல்.

மன்பிரெட் புளொய்லரின் நூல் எனக்குப் பிடித்ததற்குக் காரணம் அதன் எண்கள் அல்ல. அவருக்கு அந்த 208 பேரையும் தெரியும். குடும்பத்தையும் தெரியும். அவர் இடமாற்றமாகிப் போகவில்லை. எமது அண்ணைக்கு ஏழு ஆண்டுகளில் ஐந்து டொக்டர்கள். இளம் டொக்டர்கள் பயிற்சிக்கு வருவார்கள், ஒன்றரை ஆண்டில் போவார்கள். ஒவ்வொருவரும் கோப்பை முதலாம் பக்கத்திலிருந்து படித்துவிட்டு, 'முன்னேற்றத்தைத் தொடர்வோம்' என்பார்கள். ஐந்து பேரையும் கண்ட ஆள் நான் ஒருவன்தான். நானோ பிழையாக மொழிபெயர்த்தவன்.

நோயாளியே எழுதும் பதிவு ஒன்றும் உண்டு. தமிழில் அதற்கு எம். வி. வெங்கட்ராமின் 'காதுகள்' நாவலை விட மேலான ஒன்று எனக்குத் தெரியாது. 1993இல் சாகித்திய அக்காதெமி பரிசு பெற்றது. காதுக்குள் குரல்கள் புகுந்து ஆண்டுக்கணக்காகப் போகாத ஒரு மனிதனின் கதை. ஆசிரியர் தானே பட்டது. அதில் தேறுதல் மேல்நோக்கி ஏறும் கோடாக இல்லை. கடன், வியாபாரம், பிள்ளைகள், எழுத்து எல்லாவற்றுக்கும் நடுவில் குரல்களோடு குடித்தனம் நடக்கிறது. நாவல் என்ற முறையில் சில இடங்களில் ஒரே சத்தமாகி அலுக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் குரல்கள் இருந்தபடியே ஒருவர் சாப்பிட்டு, உழைத்து, எழுதவும் செய்யலாம் என்பதை எந்தக் கோப்பில் எந்தக் கட்டத்தில் எழுதுவது? வால்சர் பேசாமல் விட்டதை வெங்கட்ராம் பேசித் தீர்த்தார். இருவரையும் அருகருகே வைத்து எமது விமர்சகர்கள் யாராவது எழுதினால் நல்லது. எனக்கு டொச் இலக்கியம் அவ்வளவு போதாது.

ஹெரிசாவுக்கு ஒருமுறை போனேன். வால்சர் பெயரில் ஒரு நடைபாதை அமைத்திருக்கிறார்கள். அண்ணையையும் கூட்டிப் போனேன். மேடு ஏறும்போது அவர் இளைக்கவில்லை, நான்தான் இளைத்தேன். வழியில் மாடுகளைப் பார்த்து, எங்கட வீட்டுச் சிவப்பி இரண்டாம் கன்றோடு கிணற்றடியில் விழுந்த கதையைச் சொன்னார். அவர் ஊர்க் கதை சொல்லி அன்றுதான் முதல் தடவை கேட்டேன். இதை அடுத்த தடவை டொக்டருக்குச் சொல்லலாமா என்று கேட்டேன். "மாடு விழுந்ததை அவருக்கு என்னத்துக்கு?" என்றார்.

மொழிபெயர்ப்பில் நான் விட்ட பிழை எனக்குப் புரிந்தது 2004இல். என் தாயார் தொலைபேசியில் "உன்னை யோசிச்சுத்தான் எனக்கு இந்த வருத்தம்" என்றபோது. அடுத்த சந்திப்பில், அண்ணையின் சம்மதத்தோடு, டொக்டரிடம் சொன்னேன். பெண் டொக்டர், ஐந்தாமவர். அரை மணித்தியாலம் கேட்டார். கோபிக்கவில்லை. பழைய பதிவுகளை அழிக்கவோ மாற்றவோ முடியாது என்றார். அது சரிதான், மூன்ஸ்ரலிங்கனை நினைத்தால் அழிக்கவும் கூடாது. அன்றைய திகதியைப் போட்டு நான்கு வரி எழுதினார். எழுதியதை வாசித்துக் காட்டினார். அண்ணை என்னைப் பார்த்து, "என்ன எழுதியிருக்கிறா?" என்றார். முந்தின ஏழு வருடமும் நீங்கள் சொன்னது வேறை, நான் சொன்னது வேறை என்று எழுதியிருக்கிறா என்றேன். அவர் கொஞ்ச நேரம் யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப அந்த வெள்ளைக் குளிசையை நிப்பாட்டுவினமோ?" என்று கேட்டார்.

அதை மொழிபெயர்த்தேன்.